வெட்டுமுன் நடந்து பாருங்கள்

பேராவில் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்துப் பக்கம், முழங்கால் உயரம் வளர்ந்த புல்லை விலக்கினால் மண்ணில் என்னென்னவோ தட்டுப்படும். பால் மரத்தில் தொங்கிய பீங்கான் மங்கின் சில்லு. அந்த மங்கை மரத்தோடு பிடித்து நிறுத்திய கம்பி. மழையில் கறுத்துப்போன ரப்பர் கொட்டைகள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் பிறந்தபின், நாடெங்கும் பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். அந்தக் காலத்துக் கம்பி துருவேறி மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் இடங்களும் உண்டு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. ஆனால் தோட்டத்து மாரியம்மன் கோயிலும் இடுகாடும் பள்ளித் திடலும் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன. திருவிழாவுக்கு முந்தைய வாரம், அங்கே யாராவது ஒருவர் முதுகில் புல்வெட்டு மெஷினை மாட்டிக்கொண்டு இறங்குகிறார். ஈப்போ சாலையோரங்களில் குத்தகைக்காரரின் ஆட்கள் அன்றாடம் செய்வதும் இதே வேலைதான். ஒரு காலத்தில் பாராங்கும் தாஜாக்கும் செய்த வேலை. பிறகு களைக்கொல்லி அடித்துச் செய்த வேலை. களைக்கொல்லிகளில் மிகக் கொடியவற்றில் ஒன்றான பாராகுவாட்டுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை விதித்தது. வீட்டுக் கொல்லை முதல் கோயில் நிலம் வரை, இன்று புல் என்றால் எல்லாருக்கும் மெஷின் ஞாபகம்தான் வருகிறது.

பாராங்கைப் பார்த்தாலே அது வெட்டும் என்று தெரியும். இந்த மெஷின் அப்படியில்லை. இதன் ஆபத்தில் பெரும்பங்கு கையில் பிடித்திருக்கும் பொருளில் கிடையாது. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் பொருளில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

வேகம்தான் கத்தி

முழு வேகத்தில் ஓடும் மெஷினின் தலை நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல மெஷின்கள் இதைவிட வேகமாகவும் சுழலும். 6,000 என்றால் விநாடிக்கு 100 சுற்று. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புப் பிளேடின் விளிம்பு ஒரு சுற்றில் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. ஆக, விநாடிக்கு 80 மீட்டர். மணிக்குக் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். நைலான் தங்கூசி போட்ட தலையின் வெட்டு வட்டம் இன்னும் பெரிது. 40 சென்டிமீட்டர் வட்டம் என்றால் தங்கூசியின் நுனி வேகம் மணிக்கு 450 கிலோமீட்டரைத் தொடும்.

விரலில் சுற்றினால் வளைகிற தங்கூசி புல்லை அறுப்பது இந்த வேகத்தால்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பாலஸ் என்பவர் 1971இல் தங்கூசித் தலையைக் கண்டுபிடித்தார். கார் கழுவும் நிலையத்தில், சுழலும்போது விறைத்து நிற்கும் பிரஷ் இழைகளைப் பார்த்து அவருக்கு யோசனை தட்டியது. ஒரு பாப்கார்ன் டப்பாவில் துளையிட்டு, மீன்பிடி தங்கூசியைக் கோத்து, அதைச் சுழலவிட்டுப் புல்லை வெட்டிப் பார்த்தார். சுழற்சி நின்றால் அது வெறும் தங்கூசி. சுழலும்வரை கத்தி.

இந்த வேகம் வழியில் கிடக்கும் எதற்கும் தொற்றிக்கொள்ளும். ஐந்து கிராம் எடையுள்ள ஒரு மங்குச் சில்லு பிளேடில் பட்டு விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் தெறித்தால் அதன் இயக்க ஆற்றல் 16 ஜூல். ஒரு கிலோ எடைக் கல்லை ஓர் ஆள் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவுதான். கல் விழுந்தால் அடி பரவலாக விழும். சில்லின் கூர்முனையோ அத்தனை ஆற்றலையும் ஓரிரு சதுர மில்லிமீட்டரில் இறக்கிவிடும். அந்த இடம் கண்ணாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

15 மீட்டர் தூரத்தை அந்தச் சில்லு கடக்கக் கால் விநாடிக்கும் குறைவான நேரமே ஆகும். ஒன்றைக் கண்டு, உணர்ந்து, தலையைத் திருப்ப மனிதனுக்குக் குறைந்தது அவ்வளவு நேரம் வேண்டும். 'பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. தயாரிப்பாளர்கள் கையேட்டில் 15 மீட்டர் தொலைவுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று எழுதுவது இதனால்தான். அதுவும் குறைந்தபட்ச அளவு; சில்லு அதையும் தாண்டிப் போகலாம். சாலையோரத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு கம்புகளுக்கு நடுவே வலையைக் கட்டி, புல்வெட்டுபவரோடு சேர்ந்து நகர்த்திக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். கார்க் கண்ணாடியையும் நடந்து போகிறவரையும் காப்பது அந்த வலைதான். கோயில் நிலத்தில் வெட்டும்போது வலை பிடிக்க ஆளில்லை என்றால், பிள்ளைகளைத் திடலைவிட்டே அனுப்பிவிட வேண்டும்.

எந்தப் பக்கம் தெறிக்கும்?

நேர்த்தண்டு கொண்ட பெரும்பாலான மெஷின்களில், மேலிருந்து பார்த்தால் தலை இடஞ்சுழியாகச் சுழலும். உங்கள் மெஷினில் எப்படி என்பதைப் பாதுகாப்புத் தகட்டில் உள்ள அம்புக்குறி சொல்லும். இடஞ்சுழி என்றால் பிளேடின் வலது ஓரம் உங்களைவிட்டு முன்னோக்கிப் போகிறது. முன் ஓரம் இடப்பக்கம் போகிறது. இடது ஓரம் உங்களை நோக்கி வருகிறது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். முதலாவது, தெறிக்கும் பொருள் காலுக்கு வந்து சேரும். தலைக்குப் பின்னால் மாட்டியிருக்கும் தகடு அதைத் தடுக்கத்தான். 'புல் அடைத்துக்கொள்கிறது' என்று அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் ஏராளம். கழற்றினால் கணுக்காலுக்கும் பிளேடுக்கும் நடுவே வெறும் காற்றுதான். தகடு இருந்தாலும் அது காப்பது ஓட்டுபவரை மட்டுமே. முன்பக்கம் திறந்துதான் கிடக்கும். எதிரே நிற்பவருக்கு எந்தக் காப்பும் இல்லை.

இரண்டாவது, பிளேடின் முன் ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவிலுள்ள பகுதி. கடிகார முகமாக எண்ணினால் 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட கால்வட்டம். அந்தப் பகுதி கட்டை மரத்திலோ வேலிக் காலிலோ மோதினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்விசை முழுத் தண்டையும் வலப்பக்கமும் பின்னோக்கியும் தூக்கி எறியும். பிடி தளர்ந்திருந்தால் ஆளையே சுற்றிவிடும். புல்லை வலமிருந்து இடமாக வீசி, பிளேடின் இடது முன்பக்கத்தால் வெட்டுவது பாதுகாப்பு. பால் மரத்தின் பழைய அடிக்கட்டைகள் கிடக்கும் நிலத்தில் இந்த ஒரு பழக்கம் பல விபத்துகளைத் தவிர்க்கும்.

வேலை நடக்கும்போது பின்னாலிருந்து வந்து ஓட்டுபவரின் தோளைத் தட்டக் கூடாது. காது அடைத்திருப்பதால் நீங்கள் வருவது அவருக்குக் கேட்காது. தட்டியதும் அவர் திரும்புவார். அவரோடு பிளேடும் திரும்பும். எதிர்ப்பக்கம், தூரத்தில் நின்று கையை ஆட்டுங்கள். அவர் பார்த்து, இஞ்சினை அணைத்த பிறகு நெருங்குங்கள். முடுக்கு விசையை விட்டதும் தலை நின்றுவிடும் என்பதும் தப்புக் கணக்கு. இஞ்சினையும் தலையையும் இணைக்கும் கிளட்ச் விடுபட்டாலும் பிளேடு தன் வேகத்திலேயே சில விநாடிகள் சுழலும். சுற்றிக்கொண்ட கொடியை எடுக்க வேண்டுமானால் இஞ்சினை அணைத்து, தலை முழுதாக நின்றபின், பிளக்கின் மூடியையும் கழற்றிவிட்டுக் கையை வையுங்கள். விசையைத் தொடாமலே தலை சுழன்றுகொண்டிருந்தால் இஞ்சினின் மந்த ஓட்ட வேகம் கூடிப்போயிருக்கிறது அல்லது கிளட்ச் பழுது. பட்டறைக்குக் கொண்டுபோகாமல் அதைத் தொடக் கூடாது.

பிளேடா, தங்கூசியா?

சுழலும் பொருளின் ஒவ்வொரு துணுக்கும் நேர்கோட்டில் பறந்தோடப் பார்க்கும். அதை வட்டத்துக்குள் இழுத்து வைத்திருப்பது உலோகத்தின் வலிமை. மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் 20 கிராம் துண்டு ஒன்றை, மேலே சொன்ன அதே வேகத்தில் பிடித்து வைக்க ஏறத்தாழ 790 நியூட்டன் விசை வேண்டும். அந்தச் சின்னத் துண்டில் 80 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். நல்ல பிளேடுக்கு இது பொருட்டில்லை. மயிரிழை விரிசல் விழுந்த பிளேடு என்றைக்கு வேண்டுமானாலும் கைவிட்டுவிடும்.

ஆகவே விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் செய்து ஓட்டாதீர்கள். வெல்டிங்கின் சூடு, பக்கத்து இரும்பின் பதத்தையே மாற்றிவிடும். ஒட்டு பிடித்தாலும் அதன் ஓரத்தில் உடையும். பழைய ரம்பத்தையோ லோரி ஸ்பிரிங்கையோ வெட்டிப் பட்டறையில் செய்த பிளேடும் வேண்டாம். தங்கூசிக்குப் பதில் இரும்புக் கம்பி, பிரேக் கேபிள் போடுவது அதைவிட மோசம். அதன் நுனி ஒவ்வொரு அடிக்கும் துண்டு துண்டாக உடைந்து பறக்கும். சங்கிலிக் கண்ணிகளை மாட்டிய தலைகள் ஒரு காலத்தில் ஐரோப்பியச் சந்தையில் விற்றன. பறந்த கண்ணி ஒன்று ஓர் உயிரைப் பறித்தபின், 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் கையில் பிடித்து ஓட்டும் மெஷின்களுக்கு அந்த வகைத் தலைகளைத் தடை செய்யச் சொன்னது.

எது எங்கே என்பதற்கு விதி எளிது. லாலாங் புல்லும் தடித்த புதரும் மண்டிய, கல்லில்லாத நிலத்துக்குப் பிளேடு. சுவரோரம், கல்லறையோரம், வேலியோரம், வடிகாலோரம் நைலான் தங்கூசி. தங்கூசி கல்லில் பட்டால் வளைந்துகொடுக்கும். ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் சிறு கற்களைத் தெறிக்கவிடுவதில் பிளேடுக்குக் குறைந்ததல்ல. முள்கம்பியோ இந்த இரண்டுக்கும் எதிரி. தலையில் சுற்றிக்கொண்டு, அறுந்த நுனியைச் சாட்டையாக வீசும்.

கண்ணில் விழுந்த புல் துணுக்கு

கண்ணுக்கு வரும் கேடு கல்லால் மட்டும் வருவதில்லை. புல்லின் ஒரு சிறு துணுக்கு விழித்திரைக்கு வெகு முன்னால், கருவிழி என்ற மெல்லிய ஒளிபுகு படலத்தில் ஒரு கீறலைப் போட்டால் போதும். அதன் வழியே மண்ணிலும் செடியிலும் வாழும் பூஞ்சைகள் உள்ளே இறங்கிவிடும். ஈரமும் வெக்கையும் உள்ள நம் பகுதிகளில் ஃபியூசேரியம் வகைப் பூஞ்சை இதற்குப் பேர்போனது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு, அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு, முன்னதாகக் கண்ணில் ஏதோ காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பங்கு ஏறக்குறையச் சமம்.

புல்வெட்டியபின் கண் உறுத்தினால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். குத்தி நிற்கும் எதையும் நீங்களே பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாமல் மூடி மருத்துவமனைக்குப் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஊற்றும் பாட்டி வைத்தியம் இங்கே உதவாது. மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்து அதைவிட ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு தணியும், பூஞ்சை தழைக்கும். நோயாளி நலமாகிவிட்டதாக எண்ணிக் காலம் தாழ்த்துவார்.

தடுப்பதற்கான செலவு ஒன்றிரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. பக்கவாட்டிலும் மூடிய பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று. அதற்கு மேல் முகக்கவசம். கம்பிவலை முகக்கவசம் மட்டும் போதாது. பெரிய கல்லை அது தடுக்கும், தூளும் துணுக்கும் வலைக்கண் வழியே நுழைந்துவிடும். வெயில் கண்ணாடி தெறிக்கும் கல்லைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தலையில் சுற்றிய சட்டை வெயிலுக்கு ஆகும், கல்லுக்கு ஆகாது.

காதும் விரலும்

ஓசை 3 டெசிபல் ஏறினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டு ஓசை விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன. 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2. 97 என்றால் வெறும் அரை மணி நேரம். பெட்ரோல் மெஷின்கள் பலவற்றின் ஓசை, ஓட்டுபவர் காதருகே 95 டெசிபலைத் தாண்டும். காலை முழுவதும் காதுக்கவசம் இல்லாமல் வெட்டுபவர் அன்றைய வரம்பை முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தீர்த்துவிடுகிறார். உள்காதின் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுரங்கள். வீட்டில் பேத்தி பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறாள் என்பது பிடிபடவில்லை என்றால் அதுதான் தொடக்கம்.

இஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியே விரல்களுக்கு இறங்குகிறது. அதிர்வுக் கருவிகள் விரல்களை வெளிற வைப்பதை அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இண்டியானா மாநிலக் கல் செதுக்குபவர்களிடம் பதிவு செய்தார். அங்கே குளிர், இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெளிறலைக் கூட்டும். நம் வெக்கையில் விரல் வெளிறுவது அரிது. அதற்காக அதிர்வு நம்மை விட்டுவிடுவதில்லை. மரத்துப்போதல், கூச்சம், பிடி தளர்தல் என்று வேறு வழியில் வரும். இரவில் கை மரத்து விழிப்பு வருகிறது என்றால் வயதாகிவிட்டது என்று ஒதுக்காதீர்கள். தேய்ந்த ரப்பர் பிடியை மாற்றுங்கள். சமநிலை தவறிய பிளேடைக் கழற்றுங்கள். வேலையை இருவர் மாறி மாறிச் செய்யுங்கள்.

பெட்ரோலும் புதரும்

இந்த இஞ்சின்களில் பல டூ ஸ்ட்ரோக் வகை. தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த 2டி எண்ணெய்தான் உள்ளே மசகு. 25க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 40 மில்லி. 50க்கு 1 என்றால் 20 மில்லி. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும். கூடினால் புகையும் கரியும். பெட்ரோல் ஆவி, சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். சூடான சைலன்சர் பக்கத்தில் பெட்ரோல் ஊற்றுவது தீயை அழைப்பது. இஞ்சின் ஆறியபின், மெஷினைக் கழற்றிக் கீழே வைத்து ஊற்றுங்கள்; ஊற்றிய இடத்திலிருந்து தள்ளிப்போய் முடுக்குங்கள். கலவையைக் குளிர்பானப் போத்தலில் வைக்கவே கூடாது. தாகத்தில் யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றைவிட, திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போகும் பெட்ரோல்தான் ஆளைக் கொல்லும்.

புதரில் குளவிக்கூடு தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். மெஷினின் சத்தமும் அதிர்வும் குளவிகளைக் கிளப்பிவிடும். கூட்டை அகற்ற மலேசியப் பொதுத் தற்காப்புப் படையை அழைக்கலாம். உச்சி வெயிலுக்கு முன்பே வெட்டி முடியுங்கள். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. குத்தகைக்கு விடுபவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை அவை தெளிவாக்கின. கண்ணாடி, காதுக்கவசம், பூட்ஸ் வாங்கித் தருவது முதலாளியின் தயவல்ல, கடமை. தனியாகத் தொழில் செய்பவர்களுக்கும் 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் காப்பு உண்டு. ஒரு மெஷினை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் புல்வெட்டிப் பிழைப்பவர்கள் தங்கள் வேலை அதில் சேருமா என்று பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்வது நல்லது.

கவசம் எத்தனை போட்டாலும், தெறிக்க ஒன்றுமில்லாத நிலத்துக்கு அது ஈடாகாது. கயிற்றை இழுத்து இஞ்சினை முடுக்குவதற்கு முன், ஒரு வாளியும் கம்பும் எடுத்துக்கொண்டு வெட்டப்போகும் நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாருங்கள். சில்லையும் கம்பியையும் போத்தலையும் பொறுக்குங்கள். பிடுங்க முடியாத கட்டைக்கும் வேலிக் காலுக்கும் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, சிவப்புத் துணி கட்டுங்கள். அடுத்த கோத்தோங் ரோயோங் கூட்டுப்பணியில் கோயில் நிர்வாகத்தினரும் பள்ளிப் பெற்றோர்களும் இந்த நடையை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். போன கண்ணுக்கு மாற்று எந்த மருத்துவமனையிலும் இல்லை.